ஏரியல் வைத்த ஜீப்

ஜீப்பில் வயர்லெஸ் பொருத்துகிறவனைப் பார்த்து மெக்கானிக் 'இவன் எலெக்ட்ரீஷியன்' என்பான், எலெக்ட்ரீஷியன் 'இவன் ரேடியோக்காரன்' என்பான், ரேடியோக்காரன் 'இவன் மெக்கானிக்' என்பான்; ஆனால் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் மூன்று பேரும் ஒற்றுமையாக அவனைத்தான் கைகாட்டுவார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் தொடங்கி, அடுத்த பத்து வருஷத்தில் பாதிக்கு மேல் நான் அப்படிக் கைகாட்டப்பட்டவன். திருச்சி பாலக்கரையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். ஆற்றுக்கரைகளைக் கவனிக்கிற ஓர் இலாகாவின் ஜீப்புகளுக்கு, யுத்தத்தில் மிச்சமாகி ஏலத்தில் வந்த வயர்லெஸ் செட்டுகளைப் பொருத்தித் தருவது எங்கள் வேலை. டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் துரு கொட்ட, வாயில் திருப்புளியைக் கவ்விக்கொண்டு ஒயர் இழுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாக்கியம் கிடைக்காதவர்களும் எங்கேயாவது ஓர் அதிகாரி முன்னால், "ஏன் வேலை செய்யலே?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றிருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சிதான்.

புது வண்டி

நான் முதன்முதலில் கை வைத்த ஜீப்பின் டிரைவர் காதர் பாய். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஒரு கிராமம் அவருக்கு. பழைய லாரி ஒன்றை வருஷக்கணக்காக ஓட்டி, தள்ளி, திட்டி, கடைசியில் இலாகா அவருக்குப் புது ஜீப் கொடுத்திருந்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தியவர் இறங்கிய கையோடு தோள் துண்டால் பானெட்டைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

செட்டைப் பின்சீட்டுக்கு அருகில் வைத்தாகிவிட்டது. ஏரியலுக்குத்தான் பின்பக்கத் தகட்டில் துளை போட வேண்டும். ஆளைப்போல் இரண்டு மடங்கு உயரமுள்ள கம்பி. அது ஆடும் ஆட்டத்தைத் தாங்க வேண்டுமென்றால் துளையும் சின்னதாக இருக்க முடியாது. கைத்துரப்பணத்தை வைத்து நான் சுற்றத் தொடங்கியதும் பச்சைப் பெயின்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. பாய் வேப்பமரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வேலை முடிந்ததும் வந்து அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "புதுப் பொண்ணுக்குக் காது குத்துவாங்க தம்பி, மூக்கு குத்துவாங்க. நீங்க நெஞ்சுலயே குத்திட்டீங்களே."

பேசினால் ஓடாது, ஓடினால் பேசாது

அந்த ஜீப் யாருக்காக வந்ததோ அவர் உதவி இன்ஜினீயர் பார்த்தசாரதி. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிக்காரர். நெற்றியில் திருமண்ணோடுதான் ஆற்றங்கரைக்கு வருவார். கூலி ஆளைக்கூட ஒருமையில் கூப்பிட மாட்டார். அதனாலேயே அவர் வருத்தப்படும்போது நமக்கு உள்ளே குத்தும்.

செட்டைச் சோதிக்க அவரை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். வண்டி நின்றிருந்தவரை திருச்சியில் இருந்த தலைமை செட்டின் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. பாய் இன்ஜினைக் கிளப்பியதும் வாணலியில் கடுகு வெடிப்பதுபோல் ஒரே சடசடப்பு. வேகம் கூடக் கூட வெடிப்பும் கூடியது. இன்ஜினுக்குள் பொறி விழும் ஒவ்வொரு முறையும் அதை செட்டு வாங்கி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அதை அடக்குவதற்குப் பிளக் ஒயரில் மாட்டுகிற சின்னச் சாமான் ஒன்று உண்டு. மெட்ராஸிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று இன்ஜினீயர் கேட்டார். எழுதிக் கேட்டிருக்கிறோம் என்றேன். எத்தனை நாளாக என்றார். நான் ஆற்றைப் பார்த்தேன். அவர் மைக்கைப் பத்திரமாகக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஒரு பெருமூச்சோடு சொன்னார்: "அப்போ, ஓடினா பேச முடியாது, பேசினா ஓட முடியாது. இதுக்கு ஒரு ஜீப் எதுக்கு? நான் தபாலாபீஸ் வாசல்லயே போய் உக்காந்துக்கறேனே."

உறையூரில் பெண் பார்த்தது

எனக்குப் பெண் பார்த்தார்கள். உறையூரில் ஒரு சுருட்டு வியாபாரியின் மகள். தரகர் என் உத்தியோகத்தை, "பையன் ரேடியோவில இருக்கான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, கேசரி கொடுத்து, பெண்ணின் அப்பா ஆவலாக எதிரில் உட்கார்ந்தார்.

"பாட்டெல்லாம் நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க கேட்டுடுவீங்களா?" என்றார். இதில் பாட்டு வராது, பேச்சுதான் என்றேன். "நியூஸுங்களா?" என்றார். கரை உடைந்தால் சொல்வார்கள், ஆள் மாட்டிக்கொண்டால் சொல்வார்கள், மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மணிக்கொரு தரம் சொல்வார்கள் என்று நானும் விவரமாக விளக்கினேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் ஆடி மாதத்துப் பெருக்கையும் ஐப்பசி மழையையும் நான் முடித்துவிட்டிருந்தேன். உள்ளே கதவுப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் முகத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த வாரம் தரகர் மட்டும் வந்தார். வெற்றிலையை மென்றுகொண்டே, பெண்ணின் அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "பையன் தங்கமான பையன்தான். ஆனா வாயத் தொறந்தா வெள்ளமா வருது, அபசகுனமா இருக்குங்க."

ஜீயபுரம் ரோடு

என்னோடு வேலை பார்த்தவன் சேவியர். பொன்மலைக்காரன். அப்பா, சித்தப்பா எல்லாரும் ரயில்வே ஒர்க்‌ஷாப். அவனும் அங்கே பிட்டராகச் சேருவதற்கு எழுதிப் போட்டு, தேறி, டாக்டர் பரிசோதனைக்குக் காத்திருந்தான். அவன் வீட்டில் ரயில்வேயில் இல்லாத ஆண்பிள்ளை பாதி ஆண்பிள்ளைதான். "இன்னும் ஒரு மாசம்டா, அப்புறம் இந்தத் துருப்பிடிச்ச ஜீப்பெல்லாம் உனக்கே சொந்தம்" என்று பாடிக்கொண்டே வேலை செய்வான்.

ஜீயபுரம் பக்கம் மரக்கிளைகள் ரோட்டின் மேல் தாழ்ந்து கிடக்கும். ஏரியல் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அதை வில்லாக முன்பக்கம் வளைத்து பம்பர் கொக்கியில் கயிற்றால் கட்டிவிடுவோம். வாழைத்தோட்டத்துப் பக்கம் ஒரு வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, செட்டைச் சோதிக்க சேவியர் அந்தக் கட்டை அவிழ்க்கப் போனான். மழையில் நனைந்து நனைந்து இற்றுப்போன இலாகாக் கயிறு. முடிச்சில் அவன் கை பட்டதும் அறுந்தது. கம்பி நிமிர்ந்த வேகத்தில் அதன் நுனி அவன் முகத்தில் அடித்தது. அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். காதர் பாய் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினார். வலது கண்ணை டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை.

ரயில்வே டாக்டர் பரிசோதனைக்கு அவன் போகவே இல்லை. மறுபடி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு ஒயருக்கு ஈயம் பற்றவைப்பான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே ஒயரை எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் அவனே ஈயம் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடா. பாட்டரியில ப்ளஸ் எது, மைனஸ் எதுன்னு பாக்க ஒரு கண்ணு போதும். சாயங்காலம் வீட்டுக்குப் போயி எங்கப்பா மூஞ்சியப் பாக்கத்தான் தைரியம் போதல."

உத்திர வீதி முனையில்

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காகப் போலீஸார் எங்கள் ஜீப்பை இரவல் வாங்கி ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி முனையில் நிறுத்தியிருந்தார்கள். செட்டைப் பார்த்துக்கொள்ள நானும் கூட இருந்தேன். கூட்டத்தில் தொலைந்த குழந்தைகள், அறுந்த சங்கிலி, மயக்கம் போட்டவர்கள் என்று காலையிலிருந்து சேதி போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் ஒரு மாமி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நாற்பது வயதிருக்கும். கையில் துளசிப் பொட்டலம். வெகுநேரம் நான் மைக்கில் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல பேசினா எத்தனை தூரம் கேக்கும்?" என்றாள்.

முக்கொம்பு வரை கேட்கும் என்றேன். "அதுக்கு அந்தண்டை?" என்றாள். கேட்காது அம்மா, கேட்பதற்கும் அங்கே இதேபோல் ஒரு வண்டி நிற்க வேண்டும் என்றேன். தலையாட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அகத்துக்காரர் போன தை மாதம் ஏதோ ஒரு வார்த்தை தடித்துப்போய் வாசல்படி இறங்கினவர்தான்; திரும்பவில்லை. காசிக்குப் போனார் என்று சிலர், திருப்பதியில் பார்த்தோம் என்று சிலர். "முக்கொம்பு வரைக்கும் சொன்னாப் போறும். அவர் பேர்கூடச் சொல்ல வேண்டாம். அவளுக்குக் கோபம் ஒண்ணும் இல்லேன்னு மட்டும் சொல்லிடுங்கோ."

கூட இருந்த போலீஸ்காரர் பார்க்காதபோது மைக்கின் பொத்தானை அழுத்தினேன். "சோதனை, சோதனை. ஸ்ரீரங்கத்திலிருந்து பேசுகிறோம். கோபம் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். கோபம் இல்லை" என்றேன். பொத்தானை விட்டதும் ஒலிபெருக்கியில் உஸ்ஸென்று இரைச்சல் மட்டும் வந்தது. அவள் காதைச் சாய்த்து அந்த இரைச்சலையே கொஞ்ச நேரம் கேட்டாள். கையிலிருந்த துளசியை இரண்டாகப் பிரித்துப் பாதியை என்னிடம் கொடுத்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னாள்: "பதில் வரலேன்னு நான் நினைச்சுக்க மாட்டேன். பதில் சொல்றதுக்கு அவர்கிட்டயும் இப்படி ஒரு வண்டி இருக்கணுமோன்னோ."

முக்கொம்பில் காதர் பாய்

ஒரு வருஷம் மேற்கே மழை கொட்டித் தீர்த்தது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் தண்ணீர் பழுப்பு நிறத்தில், மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு வந்தது. மதகுகளுக்குப் பக்கத்தில் இன்ஜினீயரின் ஜீப் நின்றது. செட்டுக்கு மின்சாரத்தை ஏற்றிக்கொடுக்கிற வைப்ரேட்டர் சரியாக இல்லாததால், அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். டெலிபோன் கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டது. இந்த ஜீப் ஒன்றுதான் அங்கிருந்து பேசக்கூடிய வாய். காலையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: காவிரிப் பக்கம் இனி ஏற்றக்கூடாது, வருகிற தண்ணீரைக் கொள்ளிடத்தில் விடவும். அது புது வழக்கம் இல்லை. காவிரிப் பக்கம் திருச்சி, ஸ்ரீரங்கம். பெருவெள்ளத்தை எப்போதும் கொள்ளிடம்தான் சுமக்கும். உத்தரவைக் கேட்டதும் இன்ஜினீயர் முதலில் பார்த்தது ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்த பாயைத்தான். "வடகரை ஊர்களுக்கெல்லாம் தமுக்கு அடிச்சாச்சு பாய். எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்லியாச்சு" என்றார். பாய், "தண்ணி எங்கயாவது போய்த்தான ஆவணும் சார்" என்றார். மதகுக் கதவுகள் கொள்ளிடத்துப் பக்கம் ஏற ஏற, நாங்கள் நின்ற தரை அதிர்ந்தது.

மத்தியானத்துக்கு மேல் வடகரையில் நின்ற இன்னொரு ஜீப்பிலிருந்து குரல் வந்தது. கரை உடைந்துவிட்டது என்று சொல்லி, ஊர்ப் பெயரைச் சொன்னான். பாயின் ஊர். பாய் இன்ஜினைக் கிளப்பக் கையைக் கொண்டுபோய், திரும்ப எடுத்துக்கொண்டார். கொள்ளிடப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள், திருச்சியிடம் இன்ஜினீயர் கத்திக் கேட்ட படகும் வரவில்லை. போகச் சொன்னாலும் போக வழியில்லை. சொந்த விஷயம் பேசக்கூடாது என்பது செட்டுக்கு விதி. இன்ஜினீயர் அந்த விதியைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. மைக்கை அவரே வாங்கி, "பள்ளிவாசலுக்குப் பின்னால டிரைவர் காதர் வீடு. பொம்மனாட்டிகள், குழந்தைகள், தம்பி ஒருத்தர். எங்கே இருக்கான்னு விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றார். பதில் வர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை நான் வைப்ரேட்டரைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தேன். அது சுட்டது, விட்டால் நின்றுவிடும் என்று பயம்.

வந்த பதில் இது. மனைவியும் இரண்டு பெண்களும் பள்ளிவாசல் மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள். தம்பியும் அவர்களோடுதான் மேடேறியிருக்கிறான். கட்டிப்போட்ட ஆடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்ப இறங்கினான். ஆடுகள் நீந்தி வந்துவிட்டன. ஆள் வரவில்லை. தண்ணீர் வடிந்தபின் ஒரு கருவேலம் புதரில் அவனைக் கண்டெடுத்தார்கள். அடக்கத்துக்கு நானும் சேவியரும் போயிருந்தோம். ஊர் முழுக்கச் சேறும் செத்த மாடுகளின் நாற்றமும். பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் பேசினார். என்னைக் குத்திக்காட்ட அல்ல, உண்மையாகவே பாராட்டுவதுபோல் பேசினார்: "செட்டு நல்லா வேலை செஞ்சுச்சு தம்பி. அவ்வளவு மழையிலயும் ஒரு எழுத்து விடாம அப்படியே கேட்டுச்சு."

பெரிய மனிதர் வருகை

வெள்ளம் வடிந்து கொஞ்ச நாளில், உடைந்த கரையைப் பார்வையிட மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாகச் சேதி. பாய் வேலைக்குத் திரும்பியிருந்தார். முன்பெல்லாம் வண்டி ஓட்டும்போது ரோட்டில் போகிற ஒவ்வொரு மாட்டுவண்டிக்காரனோடும் பேசுவார். இப்போது ஹாரன்கூட அடிப்பதில்லை. உடைப்புக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தோம். எதிரே கூரை இழந்த மண்சுவர்கள். கூழ் ஊற்றுகிற இடத்தில் ஜனங்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். அப்போது செட்டு உயிர் பெற்றது. அவசரச் செய்தி என்று திருச்சியிலிருந்து குரல் கேட்டதும் இன்ஜினீயர் பதறி மைக்கை எடுத்தார்.

வருகிறவருக்கு மத்தியானச் சாப்பாட்டில் கத்திரிக்காய் ஆகாது. வாழைக்காய் வறுவல் இருந்தால் நல்லது. தயிர் புளிக்காமல் இருக்க வேண்டும். இன்ஜினீயர் எல்லாவற்றையும் கேட்டு, கத்திரிக்காய் கிடையாது, வாழைக்காய் போடச் சொல்கிறேன் என்றார். அந்தப் பக்கத்தில், "நன்றாகக் கேட்கிறது, நன்றாகக் கேட்கிறது" என்று சந்தோஷமாகச் சொல்லி முடித்தார்கள். இன்ஜினீயர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடி பாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றித் திருமண் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, பாய்க்குக் கேட்காத தணிந்த குரலில் சொன்னார்: "கரை உடைஞ்ச அன்னிக்குப் படகு அனுப்புங்கோ, படகு அனுப்புங்கோன்னு தொண்டை கிழியக் கத்தினேன். சரியாக் கேக்கலே, திரும்பச் சொல்லுங்கோன்னா. கத்திரிக்காய் மட்டும் முதல் தடவையே கேட்டுடுத்து, பாத்தேளா?"

தூரத்துக் குரலைப் பக்கத்தில் கொண்டுவருகிற வேலை என்று பெருமையாகச் சேர்ந்த எனக்கு, தூரத்துக் குரல்களில் பெரும்பாலானவை தூரத்திலேயே இருந்திருக்கலாம் என்று புரிவதற்குள் ஊரிலிருந்த ஜீப்புக்கெல்லாம் ஏரியல் வைத்து முடித்திருந்தேன்.